கடுக்காய் அறிந்த நாக்குக்குத் தேயிலை

கல்வராயன் மலையில் தேயிலைத் தோட்டம் கிடையாது. கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைக் கடந்து வெள்ளிமலைக்கு ஏறினால் மரவள்ளியும் சாமையும் கண்ணில் படும். புளியும் பலாவும் வரும். காட்டுக்குள் கடுக்காய், நெல்லி, தேன் எல்லாம் உண்டு. தேயிலைதான் இல்லை. மலை போதிய உயரமில்லை என்று சிலர் நினைப்பார்கள். பெரிய கல்வராயனில் 4,000 அடியைத் தொடும் இடங்கள் இருக்கின்றன. அசாமிலோ கடல் மட்டத்திலிருந்து சில நூறு அடியிலேயே தேயிலை செழிக்கிறது. ஆகவே உயரம் ஒரு தடையே இல்லை. தடை மழைதான். தேயிலைக்கு ஆண்டுக்குச் சுமார் 1,500 மில்லிமீட்டர் மழை வேண்டும். அது ஒரேயடியாகக் கொட்டாமல் மாதாமாதம் பரவிப் பெய்ய வேண்டும். மண்ணும் புளிப்பாக, பிஎச் அளவு 4.5-க்கும் 5.5-க்கும் இடையில் இருக்க வேண்டும். கிழக்குத் தொடர்ச்சி மலையான கல்வராயனில் தை பிறந்தால் கோடை மழை வரும்வரை நிலம் காய்ந்து கிடக்கும். சாமை அதைத் தாங்கும். தேயிலைச் செடி தாங்காது.

தோட்டம் இல்லாவிட்டாலும், நல்ல தேயிலையைச் சுவைத்து அறியத் தேவையான முதல் பாடம் இந்த மலையிலேயே கிடைக்கிறது. அது கடுக்காய்.

கடுக்காய்த் தோலில் ஒரு சின்னத் துண்டை வாயில் போட்டு அடக்கிக்கொண்டால் என்ன நடக்கும் என்று மலைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முதலில் ஒன்றும் தெரியாது. சற்று நேரத்தில் நாக்கு சொரசொரப்பாகும். கன்னத்தின் உட்புறம் இழுத்துப் பிடிக்கும். எச்சில் வழுவழுப்பை இழந்து வறண்டது போலாகும். எச்சிலில் புரோலின் என்ற அமினோ அமிலம் மிகுந்த புரதங்கள் இருக்கின்றன. வாய்க்குள் எல்லாம் வழுக்கிச் செல்வதற்கு எண்ணெய் போலப் பயன்படுபவை அவை. கடுக்காயில் உள்ள செபுலினிக் அமிலம், செபுலாஜிக் அமிலம் போன்ற டானின்கள் அந்தப் புரதங்களைப் பற்றிக்கொண்டு திரட்டிவிடுகின்றன. வழுவழுப்புப் போய், பல்லும் கன்னமும் உரசும் உணர்வு வருகிறது. அறுசுவையில் ஒன்றாக நாம் எண்ணும் துவர்ப்பை அறிவியலாளர்கள் பெரும்பாலும் தொடுவுணர்வின் பக்கம் சேர்ப்பது இதனால்தான். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் தோல் பதனிடக் கடுக்காயைப் பயன்படுத்தியதும் இதே வேலைக்குத்தான்: தோலின் புரதத்தை டானின் பற்றி இறுக்கி, அழுகாமல் காக்கும்.

தேயிலையில் இருப்பதும் இதே குடும்பத்துச் சரக்கு. பச்சைக் கொழுந்தைக் காயவைத்து எடைபோட்டால் அதில் கால் பங்குக்கு மேல் பாலிஃபீனால்கள் என்னும் துவர்ப்புப் பொருள்கள். அவற்றுள் பெரும்பங்கு கேட்டச்சின்கள். இதைத் தவிர காஃபீன் இரண்டிலிருந்து நான்கு சதவீதம், அது கசப்பு. தியானின் என்ற அமினோ அமிலமும் உண்டு. 1949-ல் ஜப்பானில் தேயிலையிலிருந்து பிரித்தறியப்பட்ட இந்தப் பொருள் இளம் இனிப்பையும், பருப்புத் தண்ணீரில் வரும் ஒருவித நிறைவையும் தருகிறது. துவர்ப்பு, கசப்பு, நிறைவு இந்த மூன்றும், இவற்றுக்கு மேல் மிதக்கும் மணமும் எந்த விகிதத்தில் கோப்பைக்கு வந்து சேர்கின்றன என்பதுதான் தேநீர் தயாரிக்கும் கலை முழுவதும்.

கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்து டீக்கடையில் இந்த விகிதம் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். துணிப் பையில் டஸ்ட் தேயிலை. அதன்மேல் பாய்லர் வெந்நீர் திரும்பத் திரும்ப ஊற்றப்படும். கறுத்த டிகாஷனில் பாலும் சர்க்கரையும் சேர்த்து ஆற்றிக் கொடுப்பார்கள். அது தவறான தேநீர் என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பாலில் உள்ள கேசீன் என்ற புரதம், எச்சிலுக்குப் பதிலாகத் தானே அந்தத் துவர்ப்புப் பொருள்களைப் பற்றிக்கொள்கிறது. அத்தனை கடுமையான டிகாஷன் நாக்கை இழுக்காமல் இறங்குவது பாலால்தான். பாலுக்கு ஈடுகொடுக்கும் கடுமை வேண்டும் என்பதற்காகவே அந்தத் தூள் செய்யப்படுகிறது. 1930 வாக்கில் அசாமின் அம்குரி தோட்டத்தில் வில்லியம் மெக்கெர்ச்சர் அமைத்த சி.டி.சி. எந்திரம்தான் அதன் பிறப்பிடம். பல் வைத்த இரும்பு உருளைகள் இரண்டு வெவ்வேறு வேகத்தில் சுழல, நடுவில் அகப்பட்ட இலை நசுங்கிக் கிழிந்து சிறு உருண்டைகளாக வெளிவரும். நிறம் சீக்கிரம் இறங்கும், ஒரு கிலோவுக்குக் கிடைக்கும் கோப்பைகள் அதிகம், விலை குறைவு. உழைத்துக் களைத்தவருக்குப் பத்துப் பதினைந்து ரூபாயில் சூடும் இனிப்பும் தெம்பும் தரும் பானம் வேறு ஏது?

ஆனால் தேயிலை என்றால் அது மட்டுமே என்று நம் ஊரில் ஆகிவிட்டது. அதுதான் என் ஆற்றாமை. கள்ளக்குறிச்சியிலிருந்து ஒரே இரவுப் பயணத்தில் போய்ச் சேரக்கூடிய நீலகிரியில், உலகச் சந்தை மதிக்கும் இலைத் தேயிலை விளைகிறது. 2006 நவம்பரில் அமெரிக்காவின் லாஸ் வேகாஸில் நடந்த ஏலத்தில் ஒரு நீலகிரித் தேயிலை கிலோ 600 டாலருக்குப் போனது. 2008-ல் நீலகிரி ஆர்த்தடாக்ஸ் தேயிலை புவிசார் குறியீடு பெற்றது. அதைப் பால் இல்லாமல் ஒரு முறையாவது குடித்துப் பார்த்த தமிழர் எத்தனை பேர்?

ஆர்த்தடாக்ஸ் என்று வணிகத்தில் சொல்லப்படும் இந்த இலைத் தேயிலை எப்படி உருவாகிறது என்று பார்த்தால், எந்தச் சுவை எங்கிருந்து வருகிறது என்பது பிடிபடும். இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகப் பறித்த கொழுந்தை முதலில் வாட்டுகிறார்கள். நீண்ட வலைத் தொட்டிகளில் பரப்பி, அடியிலிருந்து காற்றை விட்டு, பன்னிரண்டு முதல் பதினெட்டு மணி நேரம் விட்டுவைப்பார்கள். கொழுந்தில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர்; அதில் கணிசமான பகுதி இப்போது ஆவியாகும். வதங்கிய இலையைக் கையில் இறுக்கிப் பிடித்து விட்டால் ஒடியாமல், உருண்டையாகவே நிற்கும். இந்த நேரத்தில் இலை வெறுமனே காய்ந்துகொண்டிருக்கவில்லை. செடியிலிருந்து பிரிந்த பிறகும் அதன் செல்கள் உயிரோடு இருக்கின்றன. புரதங்கள் உடைந்து அமினோ அமிலங்கள் ஆகின்றன. மணப் பொருள்கள் உருவாகத் தொடங்குகின்றன. வாட்டும் அறையில் நுழைந்தவுடன் வரும் அந்தப் பழ வாசனைக்கு இதுவே காரணம்.

அடுத்து ரோலர். வட்ட மேடைமேல் கனத்த மூடி சுழன்று இலையை அழுத்தி முறுக்கும். இங்கேதான் பெரிய மாற்றம். கேட்டச்சின்கள் செல்லுக்குள் ஓர் அறையிலும், பாலிஃபீனால் ஆக்சிடேஸ் என்ற நொதி வேறோர் அறையிலும் தனித்தனியே இருக்கும். முறுக்கும்போது சுவர்கள் உடைந்து இரண்டும் சந்திக்கின்றன. காற்றின் ஆக்சிஜன் சேர்கிறது. பச்சை இலை செம்பு நிறமாகிறது. வாழைக்காயையும் கத்தரிக்காயையும் நறுக்கி வைத்தால் கறுத்துப்போவது இதே வேலைதான். அடுக்களையில் அதைத் தடுக்க மோர் கலந்த தண்ணீரில் போடுகிறோம். தேயிலைத் தொழிற்சாலையில் அதை வேண்டுமென்றே நடக்கவிட்டு, சரியான நேரத்தில் நிறுத்துகிறார்கள். தொழிலில் இதைப் புளிக்கவைத்தல் என்று சொல்லும் வழக்கம் உண்டு. நுண்ணுயிர் எதுவும் இதில் வேலை செய்வதில்லை, நடப்பது ஆக்சிஜனேற்றம்.

இந்த ஆக்சிஜனேற்றத்தில் கேட்டச்சின்கள் இரண்டிரண்டாக இணைந்து தியாஃபிளேவின்களும், மேலும் பல இணைந்து தியாரூபிஜின்களும் ஆகின்றன. 1950-களில் ஈ.ஏ.எச். ராபர்ட்ஸ் என்ற ஆய்வாளர் இவற்றைப் பிரித்தறிந்தார். தியாஃபிளேவின் பொன்னும் சிவப்பும் கலந்த நிறம்; கறுப்புத் தேயிலையில் ஒன்றிரண்டு சதவீதம்தான் இருக்கும், ஆனால் கோப்பை பளிச்சென்று இருப்பதும், முதல் மடக்கிலேயே நாக்கு விழித்துக்கொள்வதும் அதனால்தான். தியாரூபிஜின் பழுப்பு, நிறத்துக்கும் கனத்துக்கும் அது பொறுப்பு. அதிக நேரம் விட்டுவிட்டால் முன்னது குறைந்து பின்னது பெருகும். கோப்பை மங்கி, சுவை தட்டையாகும். தொழிற்சாலையில் அனுபவப்பட்டவர் ஒரு கைப்பிடி இலையை முகர்ந்து பார்த்து, பச்சை வாடை போய்ப் பழ வாடை உச்சத்துக்கு வந்த கணத்தில் அதை டிரையருக்கு அனுப்பச் சொல்வார். நூறு டிகிரியை ஒட்டிய சூட்டில் நொதி செத்துவிடும், ஈரம் மூன்று சதவீத அளவுக்கு இறங்கும், தேயிலை தயார்.

ஒரு கிலோ தேயிலைக்குச் சுமார் நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும்.

ஊலாங் என்ற தேயிலை வகையும் இதே செடி, இதே இலை. வேறுபாடு கையாளும் முறையில் இருக்கிறது. சீனாவின் ஃபூஜியன் மாகாணத்து வூயி மலையும் ஆன்ஷி வட்டாரமும், அதன்பின் தைவானும் இதற்குப் பேர்போனவை. நீலகிரியிலும் சில தோட்டங்கள் இப்போது செய்கின்றன. இலையை ரோலரில் போட்டு உடைக்காமல், மூங்கில் தட்டுகளிலோ உருளைக் கூடைகளிலோ போட்டுக் குலுக்குவார்கள். ஓரங்கள் மட்டும் காயப்படும். சற்று ஓய்வு. மறுபடி குலுக்கல். இப்படி இரவெல்லாம் நடக்கும். ஓரம் சிவந்து நடு பச்சையாக இருக்கும் நிலையில் சூடான வாணலியில் இட்டு நொதியை நிறுத்துவார்கள். ஆகவே ஆக்சிஜனேற்றம் பாதிவழியில் நிற்கிறது: லேசான ஊலாங்கில் பத்துப் பதினைந்து சதவீதம், கடும் ஊலாங்கில் எழுபது எண்பது வரை.

என்னை மிகவும் ஈர்ப்பது அந்தக் குலுக்கலுக்கு இலை கொடுக்கும் பதில். உயிரோடு இருக்கும் செல், தான் தாக்கப்படுவதாக உணர்ந்து, பூச்சி கடித்தால் என்னென்ன சுரக்குமோ அவற்றையெல்லாம் சுரக்கத் தொடங்குகிறது. நெரோலிடால், ஜாஸ்மின் லாக்டோன், இண்டோல் முதலிய பொருள்கள் மணிக்கணக்கில் சேர்கின்றன. இவற்றில் பின்னிரண்டும் மல்லிகைப் பூவிலும் இருப்பவை. ஊலாங் கோப்பையில் பூவே போடாமல் பூ வாசனை வருவதை நம்ப முடியாதவர்கள் உண்டு. யாரும் எஸ்ஸென்ஸ் சேர்க்கவில்லை, இலையின் தற்காப்புதான் நமக்கு மணமாகிறது. தைவானில் ஒரு வகை ஊலாங்குக்குத் தத்துப்பூச்சி கடித்த கொழுந்தையே தேடிப் பறிக்கிறார்கள். பூச்சி கடிக்கட்டும் என்பதற்காக அந்தத் தோட்டத்தில் மருந்து அடிப்பதில்லை.

நெருக்கடியில் மணம் கூடும் என்பது நீலகிரிக்கும் பொருந்தும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை பனி இறங்கும் இரவுகளும் வறண்ட பகல்களும் மாறிமாறி வரும்போது கொழுந்து மெதுவாக வளர்கிறது. அப்போது பறிக்கும் உறைபனித் தேயிலைக்குத் தனி விலை. இலங்கையின் ஊவாவில் ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை வறண்ட காற்று வீசும் பருவத்தில் இதே போன்ற ஓர் உச்சம் வரும். அந்தத் தேயிலையில் சற்றே தைலம் போன்ற ஒரு குளிர்ந்த வாசனை எழும். மெத்தில் சாலிசிலேட் என்ற பொருள் அது. வலிக்குத் தடவும் தைலங்களில் இருப்பதும் அதுவே.

இலங்கையைச் சொல்லும்போது நம் மாவட்டத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கள்ளக்குறிச்சி 2019 நவம்பரில்தான் தனி மாவட்டமானது. அதற்கு முன் விழுப்புரம், அதற்கும் முன் தென்னார்க்காடு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தென்னார்க்காடு, சேலம், திருச்சி மாவட்டங்களின் வறண்ட ஊர்களிலிருந்து கங்காணிகள் வழியாக ஆயிரமாயிரம் பேர் இலங்கைத் தோட்டங்களுக்குப் போனார்கள். முதலில் காப்பித் தோட்டம். 1869-ல் காப்பியில் இலைத்துரு நோய் தோன்றிப் பரவியபின், 1867-ல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தொடங்கிய தேயிலைப் பயிர் மலைநாடு முழுவதும் விரிந்தது. அதன் கொழுந்தைப் பறித்தவை தமிழ்க் கைகள். இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு அவர்களில் லட்சக்கணக்கானோர் தாயகம் திரும்பினர். நீலகிரியில் தமிழக அரசு 1968-ல் தொடங்கிய தேயிலைத் தோட்டங்கள், பின்னாளில் டான்டீ ஆனவை, அவர்களுக்கு வேலை கொடுக்கவே எழுந்தன. நூற்றைம்பது ஆண்டுகளாக உலகத்துக்கு நல்ல தேயிலையைப் பறித்துக் கொடுத்தவர்கள் லயத்து வீட்டில் தூளைக் கொதிக்கவிட்டுச் சாயத்தண்ணீர் குடித்தார்கள். நல்ல இலை கப்பலேறியது. அந்த இலையின் சுவை நமக்கு அந்நியமாக இருப்பதன் வேர் இங்கே இருக்கிறது என்றே நான் கருதுகிறேன். ரசனைக் குறைவுக்கும் இதற்கும் தொடர்பில்லை.

நீலகிரிக்குத் தேயிலை வந்த கதையிலும் நம் பக்கத்து ஊர் ஒன்று வருகிறது. 1835-ல் சீன விதையில் வளர்த்த நாற்றுகள் கேத்தியிலிருந்த அரசுச் சோதனைப் பண்ணைக்கு அனுப்பப்பட்டன. அடுத்த ஆண்டே பண்ணை கைவிடப்பட்டது. அங்கிருந்த வீடு புதுச்சேரி ஆளுநரின் பயன்பாட்டுக்குப் போனபோது, அவருடன் தொடர்புடைய பிரெஞ்சுத் தாவரவியலாளர் பெரோத்தே கவனிப்பாரற்றுக் கிடந்த செடிகளைக் கண்டு பேணினார். அவை பிழைத்ததைப் பார்த்தபின்தான் நீலகிரியில் தேயிலை வரும் என்ற நம்பிக்கை பிறந்தது. வணிகத் தோட்டங்கள் 1860 வாக்கில் எழுந்தன.

இனி வீட்டுக்கு வருவோம். நல்ல இலையை வாங்கியும் பலர் ஏமாந்துபோவது தண்ணீரால்தான். கள்ளக்குறிச்சிச் சமவெளியில் ஆழ்துளைக் கிணற்று நீர் பல இடங்களில் கடினமானது. சட்டியில் வெள்ளைப் படிவு கட்டும் தண்ணீர். அதில் போட்ட கறுப்புத் தேநீர் மங்கலாகக் கறுத்து, மேலே எண்ணெய்ப் பசை போன்ற ஒரு படலம் கட்டும். அழுக்கென்று நினைத்துத் தேயிலைக்காரரைத் திட்டுவார்கள். 1993-ல் லண்டன் இம்பீரியல் கல்லூரியைச் சேர்ந்த மைக்கேல் ஸ்பைரோ, டியோகிரேஷியஸ் ஜகன்யி இருவரும் அந்தப் படலத்தை ஆராய்ந்து, நீரிலுள்ள கால்சியமும் பைகார்பனேட்டும் தேயிலையின் பாலிஃபீனால்களோடு சேர்ந்து, மேற்பரப்பில் காற்றுப் பட்டு உருவாவது அது என்று காட்டினார்கள். வழி எளிது. தண்ணீரை நன்கு கொதிக்கவைத்து, ஆறவைத்து, படிவு அடியில் தங்கியதும் தெளிந்ததை மட்டும் எடுத்து மறுபடி சூடாக்கலாம். பைகார்பனேட்டால் வரும் கடினம் பெருமளவு போய்விடும். மழைநீர் சேமிப்பவர்களுக்கு இந்தக் கவலையே இல்லை. ஒரே இலையை வெள்ளிமலை ஓடைத் தண்ணீரிலும் கீழே போர் தண்ணீரிலும் போட்டு, இரண்டு வெள்ளைக் கோப்பைகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறுபாடு கண்ணுக்கே தெரியும்: முன்னது செம்பு, பின்னது சேற்றுப் பழுப்பு. எலுமிச்சை ஒரு சொட்டு விட்டால் பின்னது வெளிறும். தியாரூபிஜின்கள் புளிப்பில் நிறம் குறைந்தும் காரத்தில் நிறம் கூடியும் காட்டும் தன்மையுடையவை.

அடுத்தது சூடு. மேலே ஏற ஏறத் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும். ஏறத்தாழ ஆயிரம் அடிக்கு ஒரு டிகிரி. கள்ளக்குறிச்சியில் கிட்டத்தட்ட நூறு டிகிரி என்றால், 3,000 அடியில் 97, குன்னூரில் 94, ஊட்டியில் 93-ஐ ஒட்டி. ஊட்டியில் குடித்தபோது மென்மையாக இருந்த தேயிலை வீட்டில் கடுக்கிறது என்று சொல்பவர்களின் குறைக்கு ஒரு காரணம் இதுவும்தான். காஃபீனும் கேட்டச்சினும் சூடு கூடக்கூட விரைந்து இறங்கும். தியானினும் மெல்லிய மணங்களும் அத்தனை சூடு இல்லாமலே இறங்கிவிடும். ஆகவே கறுப்புத் தேயிலைக்குக் கொதித்து அடங்கிய நீர், 95 டிகிரி அளவில். லேசான ஊலாங்குக்கு 85 முதல் 90. வெப்பமானி வேண்டாம். கொதித்த நீரை டம்ளரிலிருந்து டவராவுக்கு ஒரு முறை மாற்றினால் கறுப்புத் தேயிலைக்கு உகந்த சூடு, இரண்டு மூன்று முறை மாற்றினால் ஊலாங்குக்கு உகந்தது. காப்பி ஆற்றிப் பழகிய கைக்கு இது கஷ்டமில்லை.

அளவுக்கு வருவோம். தேயிலை ருசி பார்ப்பவர்கள் பழைய ஆங்கிலேய ஆறு பென்ஸ் நாணயத்தை எடைக்கல்லாக வைத்திருந்தார்கள், 2.8 கிராம். நம்மிடம் 2019-க்குப் பின் வந்த புது ஒரு ரூபாய் நாணயம் இருக்கிறது. அது சுமார் 3 கிராம். அதன் எடைக்கு இலை, 200 மில்லி தண்ணீர், மூன்று நிமிடம். கரண்டிக் கணக்கு இங்கே உதவாது. முறுக்கிய நீள இலை ஒரு தேக்கரண்டி ஒன்றரை கிராம்கூட வராது. உடைந்த இலை அதே கரண்டியில் இரட்டிப்பாக நிற்கும். பொட்டலத்தின்மேல் போட்டிருக்கும் ஓ.பி., பி.ஓ.பி., டஸ்ட் என்ற எழுத்துகளும் முதன்மையாக இலையின் அளவைச் சொல்பவைதான். சிறியது சீக்கிரம் இறங்கும், பெரியது நிதானமாக இறங்கும். மூன்று நிமிடம் ஆனதும் வடிகட்டிவிட வேண்டும், ஒரு துளி விடாமல். இலையோடு வைத்துக்கொண்டே குடித்தால் கடைசி மடக்கு கடுக்காய்க் கஷாயமாகிவிடும். கொதிக்கவிடுவது கூடவே கூடாது. மணம் ஆவியோடு போய், துவர்ப்பு மட்டும் மிஞ்சும்.

ஊலாங்குக்கு இன்னொரு வழி உண்டு. ஃபூஜியன் மக்கள் சிறிய குவளையில் நிறைய இலை போடுவார்கள்: 100 மில்லிக்கு ஐந்தாறு கிராம். அரை நிமிடத்துக்குள் வடித்துவிடுவார்கள். அதே இலையில் மறுபடி நீர், மறுபடி வடி. உருட்டிய ஊலாங் உருண்டை முதல் நீரில் சற்றே இளகும். இரண்டாவதில் பாதி விரியும். மூன்றாவதில் காம்போடு முழு இலையாகத் திறந்து நிற்கும். ஓரத்துச் சிவப்பை அப்போது பார்க்கலாம். ஐந்தாறு முறை வரும் ஒவ்வொரு கோப்பையும் வேறு வேறு. முதல் இரண்டில் பூ மணம், பிறகு பழம், கடைசியில் வெறும் இனிப்பு. ஊலாங்கின் விலையைக் கேட்டு அதிர்கிறவர்கள் இதைக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

ருசி பார்ப்பது பெரிய வித்தை போலத் தோன்றும். குன்னூரில் 1963 முதல் தேயிலை ஏல மையம் இயங்குகிறது; அங்கே தரகு நிறுவனங்களின் நீண்ட மேசைகளில் வெள்ளைப் பீங்கான் கிண்ணங்கள் வரிசையாக நிற்க, ருசிப்பாளர் ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி எடுத்து உரக்க உறிஞ்சி, வாய்க்குள் சுழற்றித் துப்பிவிட்டு அடுத்ததற்கு நகர்வார். ஐ.எஸ்.ஓ. 3103 என்று 1980-ல் வந்த உலகத் தரநிலையே இதற்கு உண்டு: 100 மில்லிக்கு 2 கிராம், ஆறு நிமிடம். குடிக்கும் தேநீரைவிட இது கடுமை. குறை எதுவும் ஒளியக்கூடாது என்பதற்காக. அந்த உறிஞ்சல் சத்தத்துக்கும் காரணம் இருக்கிறது. சுவை என்று நாம் நினைப்பதில் பெரும்பகுதி மணம். அது தொண்டைக்குப் பின்னாலிருந்து மூக்குக்கு ஏறுகிறது. காற்றோடு சேர்த்து உறிஞ்சினால் திரவம் சிதறி, மணப்பொருள் ஆவியாகி மேலே போகும். நம் வழக்கப்படி அண்ணாந்து ஊற்றிக் குடித்தால் கோப்பையின் ஆவி மூக்குக்கு எட்டுவதே இல்லை. இலைத் தேயிலையை வாய்வைத்து, உறிஞ்சித்தான் குடிக்க வேண்டும். வீட்டில் அதற்கு யாரும் கோபிக்கக்கூடாது.

குடித்ததும் மூன்று கேள்வி கேட்டால் போதும். எங்கே பிடிக்கிறது? நல்ல தேயிலையின் துவர்ப்பு நாக்கின் ஓரங்களிலும் கன்னத்திலும் சட்டென்று பிடித்து, உடனே விட்டு, எச்சில் ஊறச் செய்யும். மட்டமானது கடுக்காய் மாதிரி ஒட்டிக்கொண்டு விடாது. கடுக்காய் மென்றவருக்கு இந்த வேறுபாட்டை ஒரே மடக்கில் சொல்லத் தெரியும். அந்த வகையில் கல்வராயன்காரர் நகரத்துக்காரரைவிட ஒரு படி முன்னே நிற்கிறார். இரண்டாவது, என்ன வாசனை? புத்தகத்துச் சொற்களைத் தேட வேண்டாம். ஈர வைக்கோல், பலாச்சுளை, காட்டுத் தேன், வாடிய மல்லிகை, வறுத்த சாமை என்று நமக்குத் தெரிந்தவற்றோடு ஒப்பிட்டாலே போதும். மூன்றாவது, விழுங்கியபின் என்ன மிஞ்சுகிறது? நெல்லிக்காய் தின்று தண்ணீர் குடித்தால் வருகிற அந்தப் பின்னினிப்பு, நல்ல ஊலாங்கில் தண்ணீர் குடிக்காமலே வரும். சில நிமிடம் தொண்டையில் நிற்கும்.

தேநீர் ஆறியதும் பாருங்கள். கனமான கறுப்புத் தேநீர் கலங்கிப் பால்விட்டது போலாகும். தியாஃபிளேவினும் காஃபீனும் குளிரில் கைகோத்துத் திரள்வதால் வருவது. கெட்டுவிட்டது என்று கொட்டிவிட வேண்டாம், சூடாக்கினால் தெளிந்துவிடும். நீலகிரித் தேயிலை இப்படி அதிகம் கலங்குவதில்லை. குளிர்ந்த தேநீர் தயாரிப்பவர்கள் அதைத் தேடி வாங்குவது அதனால்தான். சித்திரை வெயிலில் நம் ஊருக்கும் அது பொருந்தும். இலையை வைப்பதில் ஒரு கவனம்: மூன்று சதவீத ஈரம் கொண்ட பொருள் கண்டதையெல்லாம் உறிஞ்சும். பெருங்காயம், மசாலா இருக்கும் அலமாரியில் வைத்தால் ஒரு வாரத்தில் தேநீர் ரசமாக மணக்கும். இறுக்கமான மூடியுள்ள எவர்சில்வர் டப்பா போதும்.

நீலகிரியின் சிறு விவசாயிகள் பச்சைத் தேயிலைக்குக் கட்டுப்படியாகும் விலை கேட்டுப் பல ஆண்டுகளாகப் போராடி வருகிறார்கள். அவர்கள் கொழுந்தில் பெரும்பகுதி மலிவான சி.டி.சி. தூளாகவே போகிறது. தமிழ்நாட்டுக்குள்ளேயே நல்ல இலைக்கு ஆள் இருக்கிறார்கள் என்று தெரிந்தால் நன்றாகப் பறித்து, நிதானமாகச் செய்யும் தொழிற்சாலைகள் இன்னும் சில எழும். அடுத்த முறை ஊட்டி, குன்னூர் போய் வருகிறவர்கள் கண்ணைக் கவரும் வாசனை சேர்த்த பொட்டலங்களை விட்டுவிட்டு, நீலகிரி ஆர்த்தடாக்ஸ் முத்திரையுள்ள முழு இலையாக, முடிந்தால் குளிர்காலப் பறிப்பா என்று கேட்டு, நூறு கிராம் வாங்கி வாருங்கள். முதல் கோப்பைக்குப் பாலும் சர்க்கரையும் வேண்டாம். பிடிக்காவிட்டால் இரண்டாவதில் தாராளமாகச் சேர்த்துக்கொள்ளலாம்.